தெருவைத் தோண்டிப் புதிதாகப் போடும்போது குடியிருப்பவர்கள் எதைக் கேட்க வேண்டும்?

"சென்னையில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி, நடைபாதை போட்டு, அப்படியே சாலையையும் புதிதாகப் போடப்போகிறார்களாம். வாசல் ராம்ப்பை இடிப்பார்கள், மரத்தை எடுப்பார்கள், ஆறு மாதத்துக்கு வண்டியை வெளியே எடுக்க முடியாது என்று சங்கத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?" என்பது கேள்வி.

சாலை வேலைகளில் சைட்டில் நின்று பல வருடம் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் மட்டத்தைக் கேளுங்கள். வேலை முடிந்தபின் சாலையின் நடுப்பகுதி எந்த உயரத்தில் இருக்கும், வடிகால் மேல் ஸ்லாப் எந்த உயரத்தில் இருக்கும், உங்கள் வாசற்படி இரண்டுக்கும் மேலே இருக்குமா கீழே இருக்குமா. இதற்கு எண்ணில் பதில் வாங்காமல் ராம்ப், பார்க்கிங் என்று பேச ஆரம்பித்தால் கூட்டம் முழுக்க அதிலேயே ஓடிவிடும். மட்டம் தவறிப்போன தெருவில் மற்றது எல்லாம் சரியாக நடந்தாலும் அடுத்த நவம்பரில் தண்ணீர் ஹாலுக்குள் வரும்.

மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தெருவிலிருந்து படியிறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கட்டினவர்கள் பள்ளத்தில் கட்டவில்லை, தெருதான் ஏறியது. உட்தெருவில் ஒரு தடவை தார்க்கலவை போட்டால் மூன்று, நான்கு சென்டிமீட்டர். பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே ஐந்து தடவை போட்டால் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு படிக்கட்டு உயரம். இதைத் தடுக்கத்தான் மில்லிங், இயந்திரத்தால் பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதியதைப் போடுவது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். அதனால் இப்போது கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் "மில்லிங் பண்ணித்தான் சார் போடுவோம்" என்றுதான் பதில் வரும்.

அந்தப் பதிலோடு திருப்தியடைந்து விடாதீர்கள். டெண்டரைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் அறிவிப்பும் ஆவணமும் பொதுவில் இருக்கும், அதில் அளவுப் பட்டியல் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, எத்தனை சதுர மீட்டர், எத்தனை கன மீட்டர் என்று. மில்லிங் என்ற வரி அதில் இருக்கிறதா, உங்கள் தெருவின் பரப்பளவுக்கு அந்த அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் மில்லிங் நடக்காது, அவ்வளவுதான், ஏனென்றால் காசு இல்லாத வேலையை எந்தக் கான்ட்ராக்டரும் செய்யமாட்டார். வரி இருக்கிறது, ஆனால் தெரு ரொம்பக் குறுகல், மில்லிங் மெஷின் உள்ளே வராது என்றால், ஜேசிபி பக்கெட்டை வைத்துச் சுரண்டுவார்கள். அது மேல்தளத்தோடு அடியிலிருக்கும் ஜல்லியையும் கிளறிவிடும். சின்ன மில்லிங் மெஷின் கேளுங்கள், அது முடியாதென்றால் ஜேசிபி கிளறிய பிறகு அடித்தளத்தை மறுபடி ரோலர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வேலை தொடங்கும் முன்னால் நீங்களே செய்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு காரியம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் தெரியும் அல்லவா, தண்ணீர் நிரப்பிய நீளமான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். அதை வைத்து இப்போதைய சாலையின் நடு மட்டத்தை உங்கள் காம்பவுண்டுச் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். தெருவில் நாலைந்து வீட்டில் இப்படிக் குறித்தால் போதும். நாளைக்கு ஏ.இ.யிடம், அதாவது வார்டு உதவிப் பொறியாளரிடம், "உயர்ந்த மாதிரி இருக்கு சார்" என்று சொல்வதற்கும், "இந்தக் கோட்டிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது" என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. சாலை போடுவதற்கு முந்தின நாள் காட்டினால் வேலை நிற்கும், போட்ட மறுநாள் காட்டினால் அனுதாபம்தான் கிடைக்கும்.

வடிகாலுக்கு வருவோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2021 மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டதற்கு அப்புறமும் சென்னையில் வடிகால் வேலை பெரிய அளவில் நடந்திருக்கிறது. எங்கே வடிகால் வேலை செய்யவில்லை என்று பார்த்தால் பெரும்பாலும் கான்கிரீட்டில் குறை இருக்காது, போய்ச் சேரும் இடத்தில் இருக்கும். உங்கள் தெரு வடிகால் எந்தப் பெரிய வடிகாலில் சேர்கிறது, அது எந்தக் கால்வாயில் போய் விழுகிறது, சேரும் இடத்தில் அதன் அடிமட்டம் உங்களுடையதை விடத் தாழ்வாக இருக்கிறதா? இதைக் கேளுங்கள். அங்கே மட்டம் உயர்ந்திருந்தால் மழை நேரத்தில் தண்ணீர் அங்கிருந்து உங்கள் தெருவுக்குத் திரும்பி வரும், அதற்கு ஆறு மாதம் தெருவைத் தோண்டியிருக்கவே வேண்டாம். சில இடங்களில் இரண்டு பக்கமும் வடிகால் கட்டி நடுவில் ஒரு முப்பது மீட்டர் விட்டுப்போயிருக்கும், ஒரு மரமோ டிரான்ஸ்ஃபார்மரோ குறுக்கே இருந்ததால். அந்த விடுபட்ட துண்டை யார், எப்போது கட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, சாலையிலிருந்து தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் துவாரம். வடிகாலை முதலில் கட்டிவிட்டு, பிறகு வேறொரு டெண்டரில் வேறொரு ஆள் வந்து சாலை போடும்போது இந்தத் துவாரங்களில் பாதி தாரில் மூடிப்போகும், அல்லது துவாரம் சாலையை விட உயரத்தில் நின்றுவிடும். சாலை போட்ட அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள்.

எல்லாத் தெருவுக்கும் வடிகால் வேண்டும் என்றும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை கடலோரமாக இருக்கிறவர்கள், எங்கள் பகுதி மணல், மழை தானாகவே பூமிக்குள் இறங்கிவிடும், வடிகால் கட்டி அதைக் கடலுக்கு அனுப்பினால் நிலத்தடி நீர் போய்விடும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனார்கள். என் பார்வையில் அது நியாயமான கேள்வி. அதே வாதத்தை வேளச்சேரியிலோ பள்ளிக்கரணைப் பக்கத்திலோ வைக்க முடியாது, அங்கே களிமண், தண்ணீர் இறங்க வழியில்லை. அதனால் வடிகால் வேண்டுமா வேண்டாமா என்று கொள்கை பேசுவதற்கு முன்னால் உங்கள் தெருவில் மூன்றடி தோண்டினால் என்ன மண் வருகிறது என்று பாருங்கள்.

எந்த வேலை முதலில், எது பின்னால் என்பதும் மட்டத்துக்கு அடுத்தபடியாக முக்கியம். ஆழமானது முதலில் போக வேண்டும்: பாதாள சாக்கடைக் குழாய், பிறகு வடிகால், குடிநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், கடைசியில் சாலை. நடப்பது என்னவென்றால் சாலையைப் பளபளவென்று போட்டு முடித்து மூன்றாம் மாதம் ஒரு ஜேசிபி வந்து நடுவில் கீறும். குடிநீர் வாரியம், மின்வாரியம், இன்டர்நெட் கேபிள் கம்பெனி என்று ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி, தனி அட்டவணை. ஆகவே சங்கத்தின் பெயரில் மாநகராட்சிக்கு மட்டும் எழுதாதீர்கள். பகுதியிலுள்ள குடிநீர் வாரியப் பொறியாளருக்கும் மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் அதே கடிதத்தை அனுப்பி, "எங்கள் தெருவில் அடுத்த இரண்டு வருடத்தில் குழாய், கேபிள் மாற்றும் திட்டம் இருக்கிறதா, இருந்தால் சாலை போடுவதற்கு முன்பே முடியுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் தெருவின் சாக்கடை லைன் பழசாகி மாதத்துக்கு ஒரு தரம் அடைக்கிறது என்றால், அதை மாற்றாமல் மேலே சாலை போடச் சம்மதிக்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காக வேலை தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்வேன்.

குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை மூடிய உடனே அதன் மேல் தார் போடுவதும் அதே மாதிரிதான் முடியும். மண்ணை அரையடி, முக்காலடி கனத்துக்கு ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். மொத்த மண்ணையும் ஜேசிபியால் தள்ளி மேலே இரண்டு தடவை டயரை ஏற்றினால் முதல் மழையில் அந்தக் கோடு நெடுக உள்வாங்கும், களிமண் பகுதியில் இன்னும் சீக்கிரம்.

சரி, வீட்டுக்கு நேரடியாக வரும் ஆபத்துகள். வடிகாலுக்குப் பள்ளம் எடுக்கும்போது காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே போவார்கள். பழைய காம்பவுண்டுகளுக்கு அஸ்திவாரம் ஒன்றரை, இரண்டு அடிதான் இருக்கும், பள்ளம் அதைவிட ஆழம். பக்கவாட்டில் பலகையோ தகடோ முட்டுக்கொடுக்காமல் ஒரு வாரம் திறந்து போட்டால், நடுவில் ஒரு மழையும் பெய்தால், சுவர் சாய்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. வேலைக்கு முன்பே சுவரின் எல்லாப் பக்கத்தையும், ஏற்கனவே இருக்கும் விரிசல்களையும் தேதியோடு படம் எடுங்கள். பழைய விரிசலையும் சேர்த்து எடுத்திருந்தால்தான் புது விரிசலைப் பற்றிப் பேசும்போது நீங்கள் சொல்வது எடுபடும்.

கேட்டுக்குப் பக்கத்தில் சம்ப் இருக்கிறதா? அதன் வாய் தரை மட்டத்தில் இருந்தால் இப்போதே கொத்தனாரை வைத்து அரையடி உயர்த்திக் கட்டுங்கள். தோண்டும்போது குடிநீர் இணைப்பும் சாக்கடை இணைப்பும் அடுத்தடுத்து உடைவது சாதாரணமாக நடக்கிற விஷயம், உடைந்த குழாயில் டியூபைச் சுற்றிவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டால் கழிவு நீர் கலந்து உள்ளே வரும். வேலை நடக்கும் நாட்களில் தண்ணீர் விடும் நேரத்தில் முதலில் கொஞ்சம் வெளியே விட்டு, வாசனை, நிறம் பார்த்தபிறகு சம்ப்புக்குத் திருப்புங்கள். இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு உடனே புரிகிறது, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் சொன்னால்தான் பயமுறுத்துகிறான் என்கிறார்கள்.

மரம். வடிகால் பள்ளத்துக்காக ஒரு பக்கத்து வேரை மொத்தமாக வெட்டிவிட்டால் மரம் அன்றைக்கே விழாது. இலை பச்சையாகவே இருக்கும், எல்லாரும் மறந்தும் போயிருப்பார்கள், டிசம்பரில் ஒரு காற்றில் வெட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். 2022 ஜூனில் கே.கே. நகரில் ஒரு பெரிய மரம் காரின் மேல் விழுந்து ஒரு வங்கி அதிகாரி இறந்துபோனார். பக்கத்தில் நடந்த வடிகால் வேலைதான் காரணம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள், மாநகராட்சி மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படியோ போகட்டும், உங்கள் தெருவில் மரம் இருக்கும் இடத்தில் வடிகால் எப்படி வளைகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வளைக்க இடமில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் குழாயாக மாற்றிக் கொண்டுபோக முடியுமா என்று கேட்கலாம். நடைபாதை போடும்போது மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும். 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்குப் பிறப்பித்த உத்தரவில் சொன்ன அளவும் அதுதான், நம் ஊரில் கேட்பதற்கும் அதைக் காட்டலாம். அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசுவது மரத்தை மெதுவாகக் கொல்லும் வேலை.

ராம்ப் பற்றி நிறையப் பேர் கோபமாக எழுதுகிறார்கள். உங்கள் கேட்டிலிருந்து மூன்றடி, நாலடி சாலைக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் சரிவு உங்கள் இடத்தில் இல்லை, அதை இடிப்பார்கள், இடிக்கவும் வேண்டும். அதற்காகச் சண்டை போட்டால் மட்டத்துக்காகப் பேசும்போது உங்கள் பேச்சு எடுபடாது. கேட்க வேண்டியது, நடைபாதையில் வண்டி ஏறி இறங்கும் இடத்தில் சரியான சரிவும், சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு இறக்கமும் வரைபடத்தில் இருக்கிறதா என்பதே. பார்க்கிங் போய்விடும் என்ற கவலையும் அப்படித்தான். 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியபோதும் இதே பேச்சு இருந்தது. உட்தெருவில் சொந்த வீட்டுக்குள் இடம் இருந்தும் காரை வெளியே நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆறு மாதத் தொல்லையைப் பற்றி. தெரு முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டிப் போட விடாதீர்கள். கான்ட்ராக்டருக்கு அது வசதி, தோண்டிய அளவுக்கு பில் போடலாம், ஆனால் கம்பி கட்டுகிறவர்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டால் பள்ளம் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். ஒரு துண்டை முடித்து மூடிய பிறகு அடுத்த துண்டு என்று போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் நடந்துபோக இரும்புத் தகடு, இரவில் தெரிகிற மாதிரி ஒளிரும் பட்டையோடு தடுப்பு, இதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கும், தயவு இல்லை. 2022 அக்டோபரில் சென்னையில் ஓர் இளம் பத்திரிகையாளர் இரவில் வடிகால் பள்ளத்தில் விழுந்து உயிர்விட்டார் என்பதை ஏ.இ.யும் மறந்திருக்கமாட்டார். தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் இருந்தால் எந்தெந்த வீடு என்று முன்பே சைட் சூப்பர்வைசரிடம் சொல்லி வையுங்கள், ஆம்புலன்ஸ் எந்த முனையில் வந்து நிற்கும் என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். பருவமழை நெருங்கும் செப்டம்பர் கடைசியில் புதிதாகப் பள்ளம் எடுக்க வந்தால் எதிர்த்துக் கேளுங்கள். மழைக்காலத்தில் சாலை வெட்டுக்கு மாநகராட்சியே தடை போடுவது வழக்கம்.

தார் போடும் நாளில் யாராவது இரண்டு பேர் விழித்திருங்கள், பெரும்பாலும் இரவில்தான் போடுவார்கள். சுரண்டிய தளத்தில் தூசி இருக்கக்கூடாது, கம்ப்ரெஸர் வைத்து ஊதியிருக்க வேண்டும். அதன் மேல் தெளிக்கும் தார்க்குழம்பு முதலில் பழுப்பாக இருக்கும், நீர் பிரிந்து கறுப்பாக மாறிய பிறகே கலவை கொட்ட வேண்டும். அவசரத்தில் பழுப்பு நிறத்திலேயே லாரியைக் கவிழ்ப்பார்கள், புதுத் தளம் பழையதோடு ஒட்டாமல் பாளம் பாளமாகப் பெயர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாதாரணமாக இங்கே பயன்படுத்தும் விஜி-30 என்ற தரத்துத் தாருக்குக் கலவையைக் கொட்டிப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி, ரோலர் ஓட்டும்போது 90 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறை இருக்கிறது. சூப்பர்வைசரிடம் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும், லாரியிலேயே குத்திக் காட்டச் சொல்லலாம். புகையே வராத கலவை, டிராஃபிக்கில் மாட்டி மூன்று மணி நேரம் கழித்து வந்த லாரி என்றால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் இருக்கிறதா என்று ஒரு நூலைக் கட்டிப் பார்க்கலாம், தார்ச்சாலைக்கு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு போதும். சாக்கடை மூடிகள் புதுத் தளத்தோடு ஒரே மட்டத்தில் வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள், பள்ளத்தில் அமுங்கிய மூடியில்தான் டூவீலர்கள் விழுகின்றன.

சிலர் தார் வேண்டாம், கான்கிரீட் போடுங்கள் என்கிறார்கள். தண்ணீர் தேங்கும் ஒடுக்கமான சந்துக்கு அது நல்லது. ஆனால் அடியில் போகும் குழாய்கள் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டிருந்தால் மட்டும். இல்லையென்றால் முதல் உடைப்புக்கே கான்கிரீட்டை உடைப்பார்கள், அந்த ஒட்டு ஒருநாளும் சேராது. இன்னொரு சங்கடம், கான்கிரீட்டைப் பின்னால் சுரண்டி மட்டம் குறைப்பது லேசில்லை. அடுத்த தடவை மேலே போடவே பார்ப்பார்கள்.

யாரிடம் கேட்பது? தெருவுக்குப் பொறுப்பு வார்டு உதவிப் பொறியாளர். கவுன்சிலரிடம் சொல்லுங்கள், ஆனால் வரைபடமும் அளவுப் பட்டியலும் ஏ.இ.யிடம்தான் இருக்கும். பகுதி சபைக் கூட்டம் என்ற ஏற்பாடு 2022-லிருந்து இருக்கிறது, அதில் கேள்வியைப் பதிவு செய்ய வைத்தால் நல்லது. வேலை நடக்கும்போது வரும் புகார்களுக்கு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவணத்தின் நகலை மட்டும் தருவதில்லை, வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. செய்த வேலையை அளந்து பில்லுக்காக எழுதும் எம்-புக்கின், அதாவது அளவுப் புத்தகத்தின், நகலையும் கேளுங்கள், அதில் மில்லிங் எத்தனை சதுர மீட்டர் என்று எழுதியிருக்கிறது என்பதை உங்கள் சுவரில் போட்ட கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை வருடம் என்று அதே மனுவில் கேட்டுவிடுங்கள். அந்தக் காலம் முடியும்வரை கான்ட்ராக்டரின் டெபாசிட் பணம் மாநகராட்சியிடம் இருக்கும், பள்ளம் விழுந்தால் அவர் செலவில்தான் சரிசெய்ய வேண்டும். காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, முடிந்தால் ஒரு மழைக்கு மறுநாள், தெருவை ஒருமுறை நடந்து பார்த்துத் தண்ணீர் தேங்கிய இடங்களைப் படத்தோடு எழுதிக்கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.